ஈஸ்டர் இனிப்புகளும் முட்டையும்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்து வரும் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் வயிற்றுப்போக்கோடு வருபவர்களிடம், வீட்டில் என்ன இனிப்பு செய்தீர்கள் என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் காய்ச்சலும் வயிற்று வலியுமாக வந்தார்கள். கடையில் எதையும் வாங்கவில்லை, எல்லாம் வீட்டில் சுத்தமாகச் செய்ததுதான் என்று அந்த வீட்டுப் பாட்டி கண்கலங்கச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். சனிக்கிழமை மாலை ஆவியில் வேகவைத்த கேரமல் புட்டிங்கை, ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டு, குடும்பமே தேவாலயத்தில் இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்குப் போயிருக்கிறது. மறுநாள் மதியம்தான் அதைப் பரிமாறியிருக்கிறார்கள். கூடவே, பேத்தி ஆசையாகச் செய்த சாக்லேட் மூஸில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு நுரைக்க அடித்துச் சேர்க்கப்பட்டிருந்தது. எது காரணம் என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை; இரண்டிலுமே கிருமிக்கு இடம் இருந்தது.

ஓடு உடையாத, கழுவித் துடைத்த முட்டையில் கிருமி எப்படி இருக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். சால்மோனெல்லா கிருமிகளில் ஒரு வகை கோழியின் சூலகத்தையே தொற்றுவதால், ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் போய்விடக்கூடும். வெளியே கழுவுவதால் அது போகாது. நிறத்திலோ மணத்திலோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் முட்டை சேர்ந்த கலவை முழுவதும் 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் அது அழிந்துவிடும். ஆகவே, கத்தியை நடுவில் செருகி எடுத்தால் ஒட்டாமல் வரும் வரை புட்டிங்கை வேகவிடுங்கள். மூஸ் செய்ய விரும்புவோர், வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து அந்தச் சூடு வரும் வரை அடித்துவிட்டுச் சேர்க்கலாம். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேகவைப்பதில் காட்டும் அக்கறையை ஆறவைப்பதில் பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பதில்லை. ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில்தான் வரும். நம் ஊரில் அது வெயில் ஏறும் காலம். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது பொது விதி. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். சூடான பண்டத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த எண்ணத்தினால்தான் புட்டிங் இரவு முழுவதும் மேடையில் கிடக்கிறது. ஆழமான ஒரே பாத்திரத்தில் ஊற்றாமல் சிறு கிண்ணங்களில் வேகவைத்து, இறக்கியதும் பனிக்கட்டி நீர் நிறைந்த தட்டில் அவற்றை நிறுத்தினால் சீக்கிரம் ஆறிவிடும்; இளஞ்சூடாக இருக்கும்போதே பெட்டிக்குள் வைத்துவிடலாம். பெட்டியின் உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும்.

வெளியே கிடந்த பண்டத்தை மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஆபத்தானது. கையில் உள்ள புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ வந்து சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, பால் பண்டத்தில் பெருகும்போது ஒரு நச்சை உண்டாக்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நச்சு அப்படியே நிற்கும்.

கூட்டம் அதிகமாக இருக்கும் வீட்டிலும், மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரிலும் முட்டையே சேராத, பாலில் காய்ச்சிய கடற்பாசி (சைனா கிராஸ்) இனிப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஜெலட்டின் போலன்றி, அது நம் அறை வெப்பத்திலேயே உறைந்து நிற்கும். ஆனால் அதுவும் பால் பண்டம்தான் என்பதால், உறைந்தவுடன் பெட்டிக்குள் போக வேண்டும். தேன் ஊற்றிய இனிப்பு எதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

சால்மோனெல்லா தொற்றின் அறிகுறிகள் உண்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். கடும் காய்ச்சல், மலத்தில் இரத்தம், குழந்தைக்குச் சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் முன்னதாகவே அழைத்து வாருங்கள். வரும்போது எந்த இனிப்பை, எந்த நேரத்தில் சாப்பிட்டார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.