கொழுந்து பறிக்கும் கையை எப்படி அசைப்பது?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பின்னணியாக வைத்து ஓர் அனிமேஷன் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பச்சைச் சரிவு, மூடுபனி, வளைந்து போகும் ரயில், தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கும் பெண். இவ்வளவையும் புகைப்படம் பார்த்தே வரைந்துவிடலாம். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முதல் காட்சியிலேயே முகம் சுளிப்பார்கள்.

கேமராவில் எடுக்கும் படத்துக்கு எடையையும் காற்றையும் ஈரத்தையும் இயற்கையே கொடுத்துவிடுகிறது. அனிமேஷனில் ஒவ்வோர் அசைவையும் யாராவது ஒருவர் தீர்மானிக்க வேண்டும். ஒரு பொருள் ஏன் அப்படி அசைகிறது என்று தெரியாதவரால் அதைத் தீர்மானிக்க முடியாது. 2017இல் வெளிவந்த ‘கோகோ’ படத்துக்காக இசைக்கலைஞர்களின் கிட்டார்களிலேயே சிறு கேமராக்களைப் பொருத்தி விரல்களைப் படம்பிடித்தார்கள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் எந்தத் தந்தியில் அழுந்துகிறது என்பதைப் பார்த்த பிறகே எலும்புக்கூட்டுப் பாத்திரங்களின் விரல்களை அசைத்தார்கள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைக்கும் அந்த அளவு கவனம் வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இரண்டு இலையையும் மொட்டையும் ஒடிக்கின்றன. இளந்தண்டில் நார் இன்னும் முற்றாததால் அது சட்டென்று ஒடிந்துவிடும். செடி அதிகம் அசையாது. முற்றிய இலையை இழுத்தால்தான் கிளை முழுவதும் குலுங்கும். பறித்த கொழுந்து உள்ளங்கையில் சேர்ந்துகொண்டே போகும். கை நிறைந்ததும், திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவார்கள். அதற்குள் கண் அடுத்த கொழுந்துக்குப் போயிருக்கும். கூடை நிறைய நிறைய உடலின் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்வதால் இடுப்பும் கழுத்தும் முன்னே சாய்கின்றன. நிறுத்துக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும்போது அதே பெண்ணின் நடை வேறு. படம் முழுக்க ஒரே நடையைக் கொடுத்தால் அந்தக் கூடையில் பாரம் இருப்பதாகவே தோன்றாது.

சில பொருள்களுக்குப் பார்வை மட்டும் போதாது, இயற்பியலும் வேண்டும். 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ படத்தில், திடப்பொருளைப் போல உடைந்து திரவத்தைப் போல வழியும் பனியைக் காட்ட, பனியை ஏராளமான துகள்களாகப் பிரித்து, அவற்றுக்கிடையிலான விசைகளைச் சிறு சிறு கட்டங்களாலான ஒரு வலையில் வைத்துக் கணக்கிட்டார்கள். மண்சரிவை ஆராயும் பொறியியலாளர்களும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். 2014 அக்டோபரில் மண்சரிவுக்கு மீரியபெத்தைத் தோட்டத்தைப் பறிகொடுத்த நமக்கு இது வெறும் சினிமாச் செய்தியாகத் தெரிவதில்லை.

வானிலையிலும் இடறலாம். ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையகத்தின் மேற்கே ஹட்டன் பக்கத்துச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே ஊவா மாகாணப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் அது ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. அந்த வறண்ட காற்றுக் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுகிறது. ஆகவே ஒரே நாளில் ஹட்டனில் குடையும் ஊவாவின் பண்டாரவளையில் புழுதியும் இருக்கலாம். மலையகம் என்றாலே எங்கும் மழை என்று வரைபவர் பாதி மலையகத்தைத் தவறவிடுகிறார்.

இதையெல்லாம் ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும். ‘மோனா’ (2016) படத்துக்காக மாவி என்ற வீரனை முதலில் மொட்டைத் தலையோடு வரைந்தார்கள். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த ஆலோசகர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அவனுக்கு நீண்ட முடி வந்தது. வடிவமைப்பு நிலையிலேயே கேட்டதால் திருத்த முடிந்தது. நம் தோட்டத்துப் பெண்களிடமும் அப்போதே கேட்க வேண்டும். கூடை சுமக்கும் பாத்திரத்தின் உடலமைப்பைக் கணினியில் இறுதியாக்கி, காட்சிகளையும் முடித்துவிட்ட பிறகு கழுத்தின் சாய்வு தவறு என்று தெரிந்தால், அவள் நடக்கும் ஒவ்வொரு காட்சியையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.