சிலைக்குள்ளேயே இருக்கும் அளவுகோல்

சிங்கப்பூர்க் கோயில்களில் குடமுழுக்கு நெருங்கும்போது தமிழகத்திலிருந்து வரும் சிற்பிகள் கோபுரத்துச் சுதை உருவங்களைப் புதுப்பிப்பதைப் பலரும் பார்த்திருப்போம். சிற்ப நூல்கள் வகுத்த தாலமானம் என்னும் அளவு முறை, சாண் உயர உருவத்துக்கும் ஆளுயர உருவத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. ஏனெனில் அதன் அளவுகோல் சிலையிலிருந்தே பிறக்கிறது.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், சிலையின் உயரத்தை முடிவு செய்ததும், அதே நீளத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையை மடித்துப் பாகம் பிரிக்கிறார்கள். சிவன், திருமால் முதலிய முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில், அதாவது பத்துத் தாலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயர்ந்த வகையில், பாகங்கள் 124. ஒரு பாகம் ஓர் அங்குலம். 12 அங்குலம் ஒரு தாலம், அதுவே முகத்தின் நீளம். அங்குலத்துக்குள் 8 யவம் என்பதால் இதழின் தடிப்பைக்கூட அளந்துவிடலாம். தேவியருக்கு 120 அங்குலம், பிள்ளையாருக்கு ஐந்தே தாலம். தாலம் குறையக் குறைய உடலை நோக்க முகம் பெரிதாகும். குழந்தை உடலின் இயல்பும் அதுதான் என்பதால் பிள்ளையாரைப் பார்த்ததும் நமக்கு வாஞ்சை பிறப்பதில் வியப்பில்லை.

முகத்தின் நீளமான தாலமே விரித்த உள்ளங்கையின் நீளமும். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மோவாய் முதல் முன்நெற்றி மயிர் வரையிலான முகமும், மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரையிலான கையும் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதினார். எகிப்தியர் அவருக்கும் வெகு காலம் முன்பே, நிற்கும் உருவத்தைப் பாதம் முதல் நெற்றி மயிர் வரை 18 கட்டங்களுக்குள் வரைந்தார்கள். யாரிடமிருந்து யார் கற்றார் என்று தேடுவதைவிட, மூவரும் அளந்தது ஒரே மனித உடலை என்பதே எனக்கு நிறைவான விளக்கமாகப் படுகிறது.

அந்த அளவு ஏன் கண்ணுக்கு இனிக்கிறது? 1878இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பல முகங்களின் ஒளிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தபோது, கிடைத்த கூட்டு முகம் தனித்தனி முகங்களைவிட அழகாக இருந்தது. 1990இல் லாங்லாய்ஸ், ராக்மன் ஆகிய உளவியலாளர்கள் கணினி வழியே முகங்களைச் சராசரியாக்கி இதை உறுதிப்படுத்தினார்கள். கண்ட முகங்களிலிருந்து மூளை ஒரு நடுவடிவத்தைத் திரட்டி வைத்திருக்கிறது. அதற்கு நெருக்கமானதை எளிதில் உள்வாங்குகிறது, அந்த எளிமையையே இனிமையாக உணர்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் அந்த நடுவடிவம் நிலையானதன்று. உளவியலாளர் கில்லியன் ரோட்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உருத்திரித்த முகங்களைச் சிறிது நேரம் தொடர்ந்து பார்த்தவர்களின் அழகுணர்வு அந்தத் திரிபின் பக்கமே நகர்ந்தது. சிறிது நேரப் பழக்கத்துக்கே இவ்வளவு வலிமை என்றால், பிறந்தது முதல் கண்டுவரும் திருவுருவங்கள் எவ்வளவு ஆழமாகப் பதியும்! எம்ப்ரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சோழர் செப்புத் திருமேனிகளும், சீனத்துத் தேஹுவா வெண்பீங்கானில் செய்த, கருணைத் தெய்வமான குவான்யின் உருவங்களும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. பழகிய அழகை ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் நாம், பழகாததன் முன்னால்தான் கூடுதல் நேரம் நிற்க வேண்டும்.