மலைச்சாலை வண்டிகளின் டிஃபரன்ஷியலுக்கு எந்த கியர் ஆயில்?

நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அவற்றை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலிருந்து மலையடிவாரம் வரை அந்தப் பாரத்தின் விசை முழுவதும் பின் அச்சின் நடுவில், என்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலின் சில பற்கள் வழியாகவே கடக்கிறது. அதற்கான எண்ணெயைக் கெட்டித்தன்மையின் எண்ணை மட்டும் சொல்லித் ‘தொண்ணூறு ஆயில்’ என்று கேட்டு வாங்குவது போதாது.

டிஃபரன்ஷியலில், என்ஜின் விசையைக் கொண்டுவரும் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனின் அச்சு, அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பால் பினியனைப் பெரிதாகவும் வலுவாகவும் செய்ய முடிகிறது. ஆனால் பற்கள் ஒன்றின்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தில் நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசும் புள்ளிகளில் கணநேரச் சூடு எழும்போது, எண்ணெயிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் இரும்புடன் வினைபுரிந்து மெல்லிய படலமொன்றை உண்டாக்குகின்றன. பற்கள் ஒட்டிப் பிய்ந்துபோகாமல், அவற்றுக்குப் பதிலாக அந்தப் படலமே தேய்ந்து மீண்டும் உருவாகிறது. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை இந்தக் கந்தகச் சேர்மங்களுடையது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணெய்களுக்கான ஜிஎல்-5 (GL-5) என்ற தரக்குறியீடு. குறைந்த வேகத்தில் பெரும் முறுக்குவிசையையும், அதிக வேகத்தில் திடீர் அதிர்ச்சிச் சுமையையும் ஹைப்பாய்டு பற்கள்மீது செலுத்திச் சோதித்த பிறகே அந்தத் தரம் கிடைக்கிறது. ஜிஎல்-4 எண்ணெயில் இச்சேர்மங்கள் குறைவு. கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கொண்ட கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு அதுவே ஏற்றது. வாங்கிய ஒரே எண்ணெயை இரண்டிலும் ஊற்றிவிடும் பழக்கத்தை நம் பட்டறைகள் கைவிட வேண்டும்.

ஏற்றத்தில்தான் டிஃபரன்ஷியல் உழைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சுமையோடு இரண்டாம் கியரில் இறங்கும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றுகின்றன. அப்போது விசை பற்களின் மறுபக்க முகத்தில் இறங்குகிறது. பர்லியாறு வரை நீளும் இறக்கத்தில் அந்த முகத்துக்கு ஓய்வே இல்லை. ஏற்றத்திலோ வேறொரு சிக்கல் உண்டு. பினியன் முன்புறம் இருப்பதால் வண்டி நிமிரும்போது எண்ணெய் பின்னால் ஒதுங்குகிறது. பினியனின் முன் பேரிங், கிரவுன் சக்கரம் வாரியடிக்கும் எண்ணெயையே நம்பியிருக்கிறது. சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்புவரை எண்ணெய் நிற்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் மலையில் இன்னும் முக்கியமாகிறது.

கெட்டித்தன்மையைப் பொறுத்தவரை, உதகையின் உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லை: 80டபிள்யூ (80W, குளிர்நிலைக்கான தர எண்) எண்ணெய்க்கான குளிர்ச் சோதனை மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் நடத்தப்படுகிறது. வண்டியின் கையேடு வேறு எதையும் சொல்லாவிட்டால் 80டபிள்யூ-90 (பின் எண் சூட்டிலுள்ள கெட்டித்தன்மையைக் குறிக்கும்) போதும் என்பதே என் கருத்து. 85டபிள்யூ-140 சூட்டிலும் கெட்டியாக நிற்கும், ஆனால் குளிர்ந்த காலையில் பேரிங்கை எட்டத் தாமதிக்கும். எனவே கனத்த சுமைக்குக் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதை ஊற்றலாம். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய உராய்வுச் சேர்மம் கலந்த எண்ணெய் வேண்டும்.

எண்ணெய் மாற்றும்போது, வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோன்ற பசை இயல்பானது. நகத்தில் தட்டுப்படும் செதில்கள் பல் உடைவதைக் காட்டுகின்றன. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிஃபரன்ஷியலின் சூடான வெளிக்கூடு (ஹவுசிங்) ஓடைநீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத்துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ நீரை இழுத்துக்கொள்ளும். அந்த எண்ணெயைக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே வடித்துவிட வேண்டும்.