சுளுக்கு எடுத்தும் வீக்கம் ஏன் வடியவில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செம்பனைக் குலை வெட்டப் போனபோது கானில் கால் வைத்து, கணுக்கால் மடங்கிவிட்டது. காலால் பிறந்த ஒருவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாகியும் வீக்கம் வடியவில்லை. "நரம்பு பிசகியிருக்குமா சார்?"

பெரும்பாலும் நரம்பு இல்லை. எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் நார், அதாவது லிகமென்ட். பாதம் உள்பக்கம் மடங்கினால், வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய நாருக்குத்தான் முதல் அடி. மூட்டை தூக்கும்போது இடுப்பில் 'பிடித்துக்கொள்வது' பெரும்பாலும் வேறு கதை. அங்கே காயம் தசையில் அல்லது தசையை எலும்போடு கட்டும் நாணில்.

சில இழைகள் மட்டும் அறுந்தால், யார் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். மிதித்தவருக்குப் பேர் கிடைப்பது இப்படித்தான். பாதி கிழிந்தால் வீக்கமும் ரத்தக்கட்டும். முழுதாக அறுந்தால் மூட்டே தளர்ந்து ஆடும். ஆனால் வலி அதற்கேற்ற அளவு இருக்காமலும் போகலாம்.

இனி எனக்குப் பிடித்த இடம். நாரின் இழைகள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. சும்மா இருக்கும்போது அவை நேராக இருப்பதில்லை, நெளிநெளியாகக் கிடக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், அப்புறம்தான் விறைக்கும். அதற்கும் மேல் போனால் கிழியும். கிழிந்த இடத்தில் உடல் அவசரமாகப் புதுக் கொலாஜனைக் கொட்டுகிறது. ஆனால் வெட்டிப்போட்ட லாலாங் புல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக! அதைக் கயிறாக்குவது எது தெரியுமா? இழுப்புதான். அங்குள்ள செல்கள் எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அதை உணர்ந்து, அந்தத் திசையிலேயே இழைகளை அடுக்கும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. இழுவையே இல்லாமல் கட்டிப் போட்டால் புல் புல்லாகவே கிடக்கும்.

அதனால்தான் வாரக்கணக்கில் படுக்கச் சொல்லும் பழைய வழக்கம் மாறிவிட்டது. 1978இல் 'ஓய்வு, ஐஸ், கட்டு, உயரத்தில் வை' என்ற சூத்திரத்தைப் பரப்பிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, பிற்காலத்தில் ஓய்வும் ஐசும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். முதல் சில நாட்கள் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஐஸ். அழுத்தி உருவவும் மிதிக்கவும் வேண்டாம், கசிவு கூடும். பிறகு வலி அனுமதிக்கும் அளவு நடை, பல் துலக்கும்போது அந்த ஒற்றைக்காலில் நிற்பது. காற்பந்து வீரரின் கணுக்காலுக்கு இருக்கும் அக்கறையில் பாதியாவது குலை வெட்டுகிறவரின் பூட்ஸுக்குள் இருக்கும் காலுக்கும் ஆராய்ச்சிப் பணமாக வந்தால் நன்றாயிருக்கும்.

எலும்பு முறிந்திருக்குமோ என்று பார்க்க 1992இல் கனடாவின் ஓட்டாவாவில் ஓர் எளிய விதி வகுத்தார்கள். அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் போன பிறகும் நான்கு அடி வைக்க முடியவில்லையா? இரண்டு கணுக்களில் ஏதாவது ஒன்றின் நுனியிலோ, பின்விளிம்பின் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் எக்ஸ்ரே. இது புதுக் காயத்துக்கான விதி. மூன்று வாரமாக வடியாத உங்கள் காலை விதியைப் பார்க்காமலே காட்டிவிடுங்கள். அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான்.