தனிச்சாவி: 'தனியார் விசை' எப்படித் தமிழாகும்?

சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஒரு வகுப்பு நடந்தது. வீட்டிலுள்ள திறன்கருவிகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்பது பாடம். கதவில் பொருத்தும் மின்னியல் பூட்டு, கேமரா, வைஃபை ரவுட்டர், கைப்பேசியிலிருந்து அணைக்கும் விளக்கு, இப்படிப்பட்டவை. இந்த மாதிரிக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் உதவிக்குப் போயிருந்தேன். நான்கு மொழியிலும் கையேடு கொடுத்தார்கள். தமிழ்ப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "உங்கள் சாதனத்தின் தனியார் விசை பாதுகாப்பாக உள்ளதை உறுதிசெய்க."

முன்வரிசையில் ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தனியார்னா எந்தக் கம்பெனி? வீவக குடுக்குறது இல்லையா இது?"

வீவக என்றால் இங்கே அரசு வீடுகளைக் கட்டித்தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். நியாயமான கேள்வி. தமிழ் தெரிந்த யாருக்கும் வரவேண்டிய கேள்வி. தனியார் மருத்துவமனை, தனியார் வாடகைக் கார், தனியார் வீடு என்று நாள்தோறும் படிக்கிறோம். தனியார் என்றால் அரசு சாராதவர். அந்த '-ஆர்' ஆட்களைக் குறிக்கும் விகுதி. ஒரு பூட்டுக்குள் இருக்கும் எண்ணுக்கு அந்த விகுதியை ஒட்டவைத்தால், படிப்பவர் ஒரு கம்பெனியைத் தேடத்தான் செய்வார். இந்தத் தொடரைச் செயலிகளிலும் கையேடுகளிலும் விளக்கத் தாள்களிலும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அன்றைக்கு ஒரு பெரியவர் அதில் தடுக்கி நின்றதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். உங்கள் வீட்டுப் பூட்டோ கேமராவோ இணையத்தில் இன்னொரு கணினியோடு பேசும்போது இரண்டு விஷயம் உறுதியாக வேண்டும். பேசுவது அதே கருவிதானா? பேசுவதை வேறு யாரும் கேட்கவில்லையா? அதற்காகக் கருவிக்குள் ஒரு சோடி எண்கள் உண்டாகின்றன. ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம். மற்றது கருவியைவிட்டு வெளியே வரவே கூடாது. ஆங்கிலத்தில் முதலாவது 'பப்ளிக் கீ', இரண்டாவது 'பிரைவேட் கீ'. கையேடு 'தனியார் விசை' என்றது இந்த இரண்டாவதைத்தான். ஊருக்குக் கொடுத்த எண்ணால் பூட்டிய செய்தியை, உள்ளே இருக்கும் எண்ணால்தான் திறக்க முடியும். உள்ளே இருக்கும் எண்ணால் ஒப்பமிட்டதை, வெளியே இருக்கும் எண்ணை வைத்து யாரும் சரிபார்க்கலாம். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைச் செய்துகாட்டும் ஆர்எஸ்ஏ என்ற கணித முறை வந்தது.

வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு உதவியது திருமறைக்காடு. வேதாரண்யம் கோயிலில் அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் பாடினார், திறந்ததை மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்ற வரலாறு அங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. திறந்த பாட்டு ஒன்று, அடைத்த பாட்டு வேறொன்று. "அப்ப அடைக்கிற பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சா பரவால்ல, திறக்கிற பாட்டு தெரியக்கூடாது, அப்படித்தானே?" என்றார் அதே அம்மா. அப்படித்தான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லான 'கீ' பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதற்கு முந்தைய வேர் தெளிவாக இல்லை. நம் 'சாவி' போர்ச்சுகீசியச் 'சாவே' வழியாக வந்தது. அதற்கு மூலம் லத்தீன் 'கிளாவிஸ்'. ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவையும் அதே கப்பலில் வந்தவைதான். இங்கே மலாய்க்காரர்கள் பூட்டுக்கு 'குஞ்சி' என்பார்கள், சாவிக்கு 'அனாக் குஞ்சி', அதாவது பூட்டின் பிள்ளை. யாழ்ப்பாணத் தமிழில் சாவியைத் 'திறப்பு' என்பார்கள். நமக்குச் சொல் பஞ்சம் இல்லை.

அப்படியிருக்க 'விசை' எங்கிருந்து வந்தது? விசைப்பலகையிலிருந்து. ஆங்கிலத்தில் கதவைத் திறப்பதும் 'கீ', விரலால் அழுத்துவதும் 'கீ'. இசைக்கருவியில் சுரத்தைக் காட்டும் கட்டைக்கு அந்தப் பெயர் போய், அங்கிருந்து தட்டச்சுக்கும் கணினிக்கும் வந்தது. அழுத்தும் பொத்தானுக்கு 'விசை' பொருத்தமான தமிழ், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. துப்பாக்கி விசை, விசைத்தறி, விசைப்படகு, ஈர்ப்பு விசை எல்லாவற்றிலும் ஒரு தள்ளல், ஓர் இழுப்பு, ஓர் உந்துதல் இருக்கிறது. பலகையில் விரல் அழுத்துகிறது, எழுத்து விழுகிறது, அதுவும் விசைதான். ஆனால் பூட்டைத் திறக்கும் பொருளை எந்தத் தமிழன் எந்த ஊரில் விசை என்றான்? தேக்காவில் சாவி வெட்டிக் கொடுப்பவரிடம் போய் "இந்த விசைக்கு ஒரு நகல் போடுங்கள்" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் தமிழிலும் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்க வேண்டும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். கலைச்சொல் பட்டியலில் முதல் வரியை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். 'பொது விசை' என்று படித்தால் இயற்பியல் பாடம் போல இருக்கிறது. 'விசை பரிமாற்றம்' என்றால் பற்சக்கரம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அங்கே நடப்பது இரண்டு கருவிகள் சாவி மாற்றிக்கொள்வது. அந்த வார்த்தையைப் போட்டிருந்தால் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 'முக்கிய மேலாண்மை' என்று ஒரு தலைப்பை நானே பார்த்திருக்கிறேன். சாவிகளை நிர்வகிப்பது பற்றிய பக்கம் அது. ஆங்கிலத்தில் 'கீ' என்ற சொல்லுக்கு 'முக்கியமான' என்ற பொருளும் இருப்பதால் இயந்திர மொழிபெயர்ப்பு அதை எடுத்துக்கொண்டது. இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. கீழே சரிபார்த்தவர் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதுமே.

என் மதிப்புக்குரிய தமிழாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், 'திறவுகோல்' என்றே எழுத வேண்டும் என்கிறார். "போர்ச்சுகீசியனிடம் கடன் வாங்கியதை எதற்குக் கலைச்சொல்லாக உயர்த்துகிறாய்?" என்று என்னிடம் கேட்டார். ஐயா சொல்வதில் அன்பு இருக்கிறது, திறவுகோல் அழகான சொல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இந்த இடத்தில் அது பொருளைக் கெடுக்கிறது. 'பொதுத் திறவுகோல்' என்று எழுதுங்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கோல் என்று நினைப்பார். நடப்பதோ நேர்மாறு: பொதுவில் இருப்பதை வைத்து எனக்கு வரும் செய்தியைப் பூட்ட மட்டும்தான் முடியும். திறவுகோல் என்ற பெயரிலேயே திறப்பது மாட்டிக்கொண்டிருக்கிறது, பூட்டுவதற்கு அதில் இடமில்லை. சாவிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. சாவி போட்டுப் பூட்டுகிறோம், சாவி போட்டுத் திறக்கிறோம், பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம். யாழ்ப்பாணத் 'திறப்பு'க்கும் இதே சிக்கல்தான், அதோடு இங்கே திறப்பு என்றால் திறப்பு விழாதான் எல்லார் மனத்திலும் வரும். தனித்தமிழுக்கு நான் எதிரி அல்லன். கைப்பேசி, மின்னஞ்சல், மென்பொருள் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறவன். ஆனால் ஒரு பாட்டியின் இடுப்பு முடிச்சில் தொங்கிய சாவியை இன்னும் எத்தனை தலைமுறைக்கு அந்நியம் என்று சொல்லிக்கொண்டிருப்பது?

ஆக, சாவி. அடுத்து அந்த முன்னொட்டு. 'ரகசியச் சாவி' என்று போடலாமே என்று சிலர் கேட்பார்கள். போடலாம்தான், ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். பூட்டவும் திறக்கவும் ஒரே எண்ணை இரு தரப்பும் வைத்திருக்கும் முறை இருக்கிறதே, அந்த எண்ணுக்கு ரகசியச் சாவி என்பது சரியாகப் பொருந்தும். இருவருக்குத் தெரிந்த ரகசியம். சோடியில் உள்ளே இருக்கும் எண்ணோ ஒரே ஒரு கருவிக்கு உரியது. அதற்குத் தனிச்சாவி. தனி என்பதில் ஒன்று என்பதும் வருகிறது, தனக்கே உரியது என்பதும் வருகிறது. வெளியே இருப்பது பொதுச்சாவி.

இந்தத் 'தனி' வெறும் சொல்லழகுக்காக அல்ல. 2015இல் எஸ்இசி கன்சல்ட் என்ற நிறுவனம் 70க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களின் 4,000க்கும் அதிகமான கருவிகளின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தது. அவற்றுக்குள் கிடைத்த வெவ்வேறு சாவிகள் சுமார் 580. அதாவது ஒரே சாவியை அச்சடித்து ஆயிரக்கணக்கான ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் வைத்து விற்றிருக்கிறார்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தவன் கையில் மற்ற எல்லா வீட்டுச் சாவியும் வந்துவிடும். தொழிலில் இதைத் தவிர்க்க நாங்கள் செய்வது, ஒவ்வொரு கருவிக்கும் அதன் சாவியை அதன் சில்லுக்குள்ளேயே பிறக்க வைப்பது. தொழிற்சாலைக் கணினிகூட அதைப் பார்க்காது. நினைவகம் சிறிதாக உள்ள கருவி என்றால் நீள்வளைவு (எலிப்டிக் கர்வ்) என்ற கணித முறையில் 256 பிட் நீளமுள்ள சாவி போதும். அதே வலிமைக்கு ஆர்எஸ்ஏ முறையில் 3072 பிட் தேவைப்படும். இதையெல்லாம் ஒரு புதுப் பொறியாளருக்குத் தமிழில் சொல்லும்போது "தனிச்சாவி தனியாகவே இருக்க வேண்டும்" என்றால் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. "தனியார் விசை" என்று தொடங்கினால் மொழிபெயர்ப்பை விளக்கவே நேரம் போய்விடும்.

இனி, ஒரு பொதுச்சாவி யாருடையது என்று உறுதிசொல்லும் சான்றிதழ். இதில் சண்டை இல்லை, நல்ல சொல். சான்று, சான்றோர், சால்பு என்ற உறவுக்காரர்களோடு வருகிறது. இந்தப் பொருளில் இதன் ஆங்கிலச் சொல்லான 'சர்டிஃபிகேட்' என்பதை 1978இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். இந்தப் பொதுச்சாவி இந்தக் கருவியுடையது, இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதி, நம்பகமான ஒருவர் ஒப்பமிட்ட ஏடு, அவ்வளவுதான் சான்றிதழ். சோழர் செப்பேடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஏடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த முத்திரை வைத்தார்கள். நடுவில் ஓர் ஏட்டை உருவி வேறொன்றைச் செருக வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடும் அப்படித்தான் கட்டப்பட்டது. நம் கடல் பக்கத்துக் கதை அது.

செப்பேட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு: செப்பேடு சந்திரசூரியர் உள்ளவரை, இது தேதி போட்டது. இணையதளங்களின் சான்றிதழுக்கு 398 நாள் என்றிருந்த உச்ச வரம்பை 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைக்க 2025இல் முடிவெடுத்துவிட்டார்கள். அதே 2025 மார்ச்சில் தொலைக்காட்சியில் செருகிப் படம் பார்க்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நாளில் படுத்துக்கொண்டதற்கும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். மின்கல மணிக்கூடு இல்லாத சிறு கருவிகளில் இன்னொரு கூத்து: மின்சாரம் போய் வந்தால் 1970 சனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழும், நல்ல சான்றிதழைக்கூட "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளும். ஆகவே நேரத்தை முதலில் சரிசெய்து, காலாவதிக்கு வெகு முன்பே புதுப்பிக்கும்படி எழுதிவைக்கிறோம். 'காலாவதி'யை மாற்றி வேறு சொல் புனையாதீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துப் பெட்டியில் எல்லாரும் படிக்கும் சொல் அது.

மாற்ற வேண்டியது 'சான்றிதழ் அதிகாரம்'. ஒப்பமிட்டுத் தரும் அமைப்பை இப்படி எழுதுகிறார்கள். அதிகாரம் என்பது ஒருவர் கையில் இருக்கும் உரிமை, அல்லது திருக்குறளில் பத்துக் குறள் கொண்ட பகுதி. ஓர் அலுவலகத்தின் பெயர் ஆகாது. 'சான்றிதழ் வழங்குநர்' போதும், சுருக்கமாக வேண்டுமானால் 'சான்றகம்'.

2020 அக்டோபரிலிருந்து இங்கே திறன்கருவிகளுக்கு நான்கு நிலைகளில் இணையப் பாதுகாப்பு முத்திரை தரப்படுகிறது. 2021 ஏப்ரல் முதல் ரவுட்டர்களுக்கு முதல் நிலையாவது கட்டாயம் என்றானது. இந்தச் சொற்கள் இனி பொறியாளர் மேசையில் நிற்காது, எல்லா வீட்டுக்கும் வரும். அதனால்தான் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு மூன்று திருத்தம் எழுதி அனுப்பினேன்: தனிச்சாவி, பொதுச்சாவி, சான்றிதழ் வழங்குநர். முதல் இரண்டையும் அடுத்த பதிப்பில் மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது. மூன்றாவது பரிசீலனையில் இருக்கிறதாம்.

அந்த அம்மாவிடம் மட்டும் அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிட்டேன். கையேட்டை மேசையில் வைத்து, 'தனியார் விசை'யை அடித்து மேலே 'தனிச்சாவி' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர், "இது பூட்டுக்குள்ளயே இருக்குற சாவி, நம்ம கையில வர்றதில்ல, சரியா?" என்றார். சரி என்றேன். கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.