சோப்பு வாடை அடித்தால் தாய்ப்பாலைக் கொட்டிவிடாதீர்கள்

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரத்தில்தான் நிறைய அம்மாக்கள் என்னிடம் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெண் கண் கலங்கிச் சொன்னது இது: "பத்து நாளா விடியக்காலையில எழுந்து பம்ப் பண்ணி ஃப்ரீசர்ல சேர்த்து வச்சேன் மேடம், எடுத்து உருக்கினா சோப்பு வாடை. கெட்டுப்போச்சுன்னு அத்தை சொன்னாங்க, எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

அந்தப் பால் பெரும்பாலும் கெட்டிருக்காது. தாய்ப்பாலிலேயே லிபேஸ் என்ற நொதி இருக்கிறது. கொழுப்பைக் குழந்தையின் வயிற்றில் செரிக்க உதவுவது அதுதான். வீட்டு ஃப்ரீசரின் குளிரில் அது முழுக்க அடங்குவதில்லை, மெதுவாகக் கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும், அதில் வெளிவரும் கொழுப்பு அமிலங்களின் வாசனைதான் அந்தச் சோப்பு வாடை. சில அம்மாக்களின் பாலில் இது அதிகமாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கெட்ட பால் புளித்து நாறும், அது வேறு.

சரி, உறைய வைத்தால் சத்து போகாதா? கொஞ்சம் போகும், மறைக்க வேண்டியதில்லை. கிருமிகளோடு சண்டை போடும் உயிருள்ள செல்கள் உறையும்போது அழிந்துவிடும். வைட்டமின் சி நாளாக ஆகக் குறையும். லாக்டோஃபெரின் என்ற காப்புப் புரதமும் மாதக்கணக்கில் வைத்தால் குறைகிறது. ஆனால் பால் சர்க்கரையும் தாது உப்புகளும் அப்படியே இருக்கின்றன, நோயெதிர்ப்புப் பொருளான ஐஜிஏ-வும் பெரும்பகுதி தங்குகிறது. அதனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நேரடியாகப் பால் கொடுங்கள், இல்லாத நேரத்துக்கு ஃப்ரீசர் பால் போதும். அதைக் கொட்டிவிட்டுப் பவுடர் பாலுக்குப் போக ஒரு காரணமும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு இடத்தில். அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரி வரைக்கும் உள்ள கணக்கு. மே மாதத்துச் சென்னை சமையலறைக்கு அது பொருந்தாது, பீய்ச்சியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள், அதுவும் கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து திறந்து மூடுவதில் அங்கே குளிர் நிற்காது. தனிக் கதவுள்ள ஃப்ரீசர் என்றால் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஃப்ரீசர் பெட்டி என்றால் 2 வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். கரண்ட் போய்விட்டதா? பாலில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க உருகியும் சில்லென்றே இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

உருக்கும்போதுதான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, மைக்ரோவேவில் கூடவே கூடாது: ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் சில்லென்று இருக்கும், குழந்தையின் வாய் வெந்துபோகும், காப்புப் பொருள்களும் கெடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பையை வைத்தால் போதும். மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பும் பக்கங்களில் ஒட்டியதும் கலந்து வர லேசாகச் சுழற்றுங்கள். அதைப் பையிலேயே விட்டால் குழந்தை எடை கூடத் தேவையான சத்தைத்தான் விட்டுவிடுகிறோம். பாலாடையிலோ சங்கிலோ கொடுத்து மிச்சமானதை 2 மணி நேரத்துக்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம். அதனால் 60 மில்லி அளவில் சின்னச் சின்னப் பைகளாகச் சேமியுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, உங்கள் மருத்துவமனை சொல்வதைக் கேளுங்கள்.

வாடைக்காகவே குழந்தை முகம் திருப்பினால், உருக்கிய பாலைப் புதுப்பாலோடு கலந்து கொடுத்துப் பாருங்கள். அப்படியும் குடிக்காவிட்டால் மட்டும், அடுத்து பீய்ச்சும் பாலை ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, உடனே ஆற வைத்து உறைய வையுங்கள். இதில் காப்புச் சத்து கொஞ்சம் போகும், ஆனால் வாடை வராது. அந்தப் பெண்ணுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மறுபடி சேர்த்து வைத்த பாலைப் பாதிக்குப் பாதி கலந்ததும் குழந்தை குடித்துவிட்டது, இப்போது அத்தைதான் பையில் தேதி எழுதி அடுக்குகிறாராம்.