கனடாவுக்கு வழி கோடியக்கரைப் பக்கம்

ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்குப் பொதி கட்டும்போதெல்லாம் அம்மம்மா கேட்பார்: "கனடா எந்தப் பக்கம்?" நான் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் பக்கம், மேற்கே கையைக் காட்டுவேன். சுவரில் தொங்கும் உலகப் படம் அப்படித்தான் சொல்கிறது: அரபிக் கடல், செங்கடல், சகாரா, அத்திலாந்திக், அப்புறம் கனடா.

படம் தட்டை, பூமி உருண்டை. தங்கையின் பூகோள உருண்டையில் (விட்டம் 30 சென்ரிமீற்றர்) யாழ்ப்பாணத்தில் தையல் நூலின் ஒரு நுனியைப் பிடித்து, மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுத்துப் பார்த்தேன். நூல் மேற்கே நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி வடக்கே ஏறியது. ராஜஸ்தான், கசக்ஸ்தான், ரஷ்யாவின் வெண்கடல், கிரீன்லாந்து வழியாகப் போய் ரொறன்ரோவில் இறங்கியது. நீளம் 32 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். அந்த உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் சுமார் 425 கிலோமீற்றர். ஆகவே தூரம் ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். சுவர்ப் படத்துக் கோட்டை ஒட்டியே நூலை வைத்தால் ஐந்து சென்ரிமீற்றர் கூடுகிறது. அதாவது 2,000 கிலோமீற்றருக்கு மேல் வீண்.

ஏன் இப்படி? யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில், ரொறன்ரோ மேற்கு 79 பாகையில் இருக்கின்றன. மேற்குப் பக்கமாக எந்த வழியில் போனாலும் கிட்டத்தட்ட 160 நெடுங்கோடுகளைக் கடந்தாக வேண்டும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் போகவேண்டும். 60 பாகை வடக்கில் அதில் பாதி போதும். துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. பூநகரிக்குப் போகிறவர்கள் கடல்நீரேரியை ஒடுங்கிய சங்குப்பிட்டியில் கடப்பதுபோலத்தான், நூலும் நெடுங்கோடுகள் நெருங்கிய இடத்தைத் தேடிப் போகிறது.

யாழ்ப்பாணத்தில் அந்த நூல் புறப்படும் திசை நேர் வடக்கிலிருந்து 18 பாகைதான் மேற்கே சாய்ந்திருக்கிறது. அதாவது கோடியக்கரைப் பக்கம். சொன்னபோது அம்மம்மா நம்பவில்லை. "அது இந்தியா" என்றார்.

இனி நேரம். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் பதினைந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஆனால் அப்படியொரு நேரடி விமானம் இல்லை. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேறு எங்காவதோ இறங்கி மாறவேண்டும். ஒவ்வொரு இறக்கமும் நூலை வளைக்கிறது. காற்றும் கணக்கைக் குழப்பும். நடு அகலக்கோடுகளில், பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. அதனால்தான் துபாயிலிருந்து ரொறன்ரோ போவதைவிட, அங்கிருந்து துபாய் திரும்புவது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைவு. டிக்கெட்டில் அச்சிடும் நேரங்களோ அந்தந்த ஊர் நேரங்கள். யாழ்ப்பாணக் கடிகாரத்துக்கும் ரொறன்ரோக் கடிகாரத்துக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. அதைக் கழித்துக் கூட்டாமல் பயண நேரத்தைச் சொல்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவும் விமானம் ஏறிய பிறகுதான். ஒடியலும் மிளகாய்த்தூளும் அடைத்த பொதி முதலில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவேண்டும். நேர்கோட்டில் அது 280 கிலோமீற்றர். நூலில் முக்கால் சென்ரிமீற்றர்கூட வராது. பஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் எடுக்கும், அதுவும் கோடியக்கரைக்கு எதிர்த் திசையில், தெற்கே.